அலகும் ஆணியும்: வாவிக்கரை ஏட்டுக் கத்தியின் இலக்கணம்

மடக்குக் கத்தி ஒன்றை ‘மரபான வகை’ என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பழையதாய் இருந்தால் போதுமா? பிடியின் வடிவமா, அலகுகளின் எண்ணிக்கையா, செய்த ஊரா, செய்த குடும்பமா? கத்திகளைத் தேடித் திரட்டுகிறவர்கள் உலகெங்கும் இந்தக் கேள்வியைக் கேட்டபடியே இருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தாருக்குப் பதில் சொல்வது ஓரளவு எளிது. அங்கே கத்தித் தொழிலாளருக்கு 1624ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த சங்கம் இருந்தது. 1816இல் அந்நகரத்துக் கருவிகள் படங்களாகவே அச்சேறின. வணிகர் படத்தைக் காட்டிக் கேட்டார், தொழிலாளி அதைப் பார்த்துச் செய்தார், அதுவே ‘வகை’ ஆயிற்று. பார்லோ என்னும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிடியின் முன்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மூடும் நீண்ட இரும்புக் கவசமே அதன் அடையாளம். அலகு மாறலாம், பிடியின் எலும்பு மரமாகலாம், கவசம் குறுகினால் அது பார்லோ அல்ல.

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு வாவிக் கரையில் இப்படிப்பட்ட படநூல் எதுவும் எழுதப்படவில்லை. கொல்லரின் கம்மாலையில் அளவு கையில் இருந்தது, கேட்டு வந்தவரின் வேலை கண்முன் இருந்தது. ஆகவே இங்கே ஒரு கத்தி வகையின் இலக்கணத்தைக் கருவியிலிருந்தும் அது செய்த வேலையிலிருந்துமே மீட்டெடுக்க வேண்டும். அதற்கு நம் மரபில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று மடக்கெழுத்தாணி. அதை எழுதுகருவி என்று மட்டும் பட்டியலிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் அதை ஒரு மடக்குக் கத்தியாகவே பார்க்கிறேன். சட்டைப்பை இல்லாத காலத்தில் இடுப்பு மடியில் தங்கிய தமிழ்க் கத்தி அது.

அமைப்பு இதுதான். நடுவில் ஒரு பிடி: மரம், கொம்பு, தந்தம், பித்தளை, எதுவும் ஆகலாம். பிடியின் ஒரு முனையில் தறையாணி ஒன்றில் சுழலும் எஃகு அலகு. மறுமுனையில் அதேபோல் சுழலும் எழுத்தாணி. இரண்டும் மடங்கிப் பிடியின் பிளவுக்குள் படுத்துக்கொள்ளும். மூடிய நிலையில் கூரெதுவும் வெளியே தெரியாது. வேண்டிய நேரத்தில் ஒன்றைத் திறந்தால் மற்றது உள்ளேயே கிடக்கும்.

இந்தச் சோடி ஏன் என்பதற்கு விடை ஓலையில் இருக்கிறது. பனையோலை வெட்டிய கையோடு எழுதத் தகுந்த பொருளல்ல. ஈர்க்கை நீக்க வேண்டும், உலர்த்த வேண்டும், அவித்து மறுபடி உலர்த்தி, சங்காலோ வழுவழுப்பான கல்லாலோ தேய்த்து மெருகேற்ற வேண்டும். பின்னர் ஏடுகள் எல்லாம் ஒரே அகலமும் ஒரே நீளமுமாக வரும்படி விளிம்பை வார வேண்டும். ஓலை நாரோட்டம் உள்ளது. மழுங்கிய கத்தி நாரைப் பிய்த்துவிடும், பிய்ந்த விளிம்பில் புழுவும் ஈரமும் எளிதாக நுழையும். வளைந்த வாயுள்ள கத்தி நேர்கோட்டில் நில்லாது. ஆகவே வாருவதற்கு மெல்லிய, நேரான, தீட்டத் தீட்டக் கூர் ஏறும் அலகு வேண்டும். அரிவாளுக்கும் வாக்கத்திக்கும் வேண்டிய தடிப்பு இங்கே இடைஞ்சல்.

எழுதுவது வேறொரு வித்தை. ஏட்டை இடக்கை தாங்கும். வலக்கை எழுத்தாணியைப் பிடித்திருக்க, இடப்பெருவிரல் அதன் முனைக்கு அண்டை கொடுக்கும். அந்த விரலின் நகத்தை வளரவிட்டு அதில் சிறு பள்ளம் வெட்டி, ஆணி வழுக்காமல் அதில் அணைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆணி அதிகம் அலைவதில்லை, ஏடுதான் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகரும். முனை கத்திபோல் கூர்ந்திருந்தால் ஓலையை அறுத்துவிடும். மழுங்கியிருந்தால் கீறல் பதியாது. மேற்றோலை மட்டும் கீறி அடியைத் தொடாமல் நிற்கும் கூர்தான் தேவை. அதனால் எழுத்தாணிக்கு முனையைவிடப் பாரம் முக்கியம். பாரம் போதாவிட்டால் கை அழுத்த வேண்டிவரும். அழுத்துகிற கை சீக்கிரம் களைக்கும், களைத்த கை ஓலையைப் பொத்தும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடாமல் விட்டதற்கும் ஓலை பொத்துவிடும் என்ற அச்சமே காரணமாகச் சொல்லப்படுகிறது.

பாரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் எழுத்தாணி வகைகள் பிரிகின்றன. குண்டெழுத்தாணி தலையில் ஒரு திரண்ட குண்டை வைத்து அந்தத் தேவையை முடித்துவிடுகிறது. அதற்குக் கத்தி இல்லை, வாருவதற்குத் தனிக் கத்தி வேண்டும். வாரெழுத்தாணி ஒரே இரும்புக் கோலின் ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையைத் தட்டி அலகாக்கிக்கொள்கிறது. அங்கே கத்தியே பாரமும் ஆகிறது, ஆனால் கூர் இரண்டும் எப்போதும் வெளியே நிற்கும், உறை இல்லாமல் கொண்டுபோக முடியாது. மடக்கெழுத்தாணி மூன்றாவது வழியைக் காண்கிறது. எழுதும்போது மடங்கிய அலகும் பிடியும் சேர்ந்து பாரமாகின்றன, வாரும்போது மடங்கிய ஆணி பிடிக்குள் ஒடுங்கிக் கைக்கு உடம்பு கொடுக்கிறது. ஒன்று உழைக்க மற்றது துணைநிற்கிறது. இந்த மாறிமாறி வரும் துணையைத்தான் இந்த வகையின் உயிர்நிலை என்று நான் சொல்வேன். பிடி தந்தமா மரமா என்பது உடையவரின் வசதியைச் சொல்லும், வகையைச் சொல்லாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்து, பிரான்ஸ் நாட்டுக் கத்திகள் பலவற்றில் அலகைத் திறந்த நிலையில் பிடித்து வைப்பது முதுகிலுள்ள வில். நம் பேச்சில் வில்லுக்கத்தி என்கிறோமே, அதன் சிறப்பே அந்த வில்தான். எழுத்தாணியின் வேலை வில்லைக் கேட்பதில்லை. ஓலையில் கீறும் விசை பெரும்பாலும் ஆணியின் நீளவாக்கிலேயே செல்கிறது, அது மடங்கும் திசைக்குக் குறுக்கே நிற்பதால் இறுக்கித் தறைந்த ஆணி போதும். ஜப்பானின் மிக்கி நகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான ஹிகோனோகாமி என்னும் எளிய மடக்குக் கத்தியும் வில் இல்லாதது. தறையாணியின் இறுக்கத்தாலும், பயன்படுத்துபவரின் பெருவிரல் அழுத்தும் சிறு வாலாலும் அது நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி அது. வில் இல்லாததைக் குறைபாடாகக் கருதுவது கருவியைப் பிற தேசத்து அளவுகோலால் அளப்பதாகும்.

எழுத்தாணியின் மூன்று வகைகளும் தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் பொது. தமிழ்ப் பதிப்பாசிரியர் உ. வே. சாமிநாதையர் ஏட்டில் படித்த இளமைக் காலத்தில் இவை கைக்கெட்டிய பொருள்களாகவே இருந்தன. ஆயினும் மட்டக்களப்பில் மடக்கும் வகைக்குத் தனிப் பொருத்தம் இருந்தது என்று கருதுகிறேன். காரணம் இந்த நிலத்தின் அமைப்பு. சுமார் 56 கிலோமீற்றர் நீண்ட வாவி நாட்டை எழுவான்கரை, படுவான்கரை என்று பிரிக்கிறது. வயல் ஒரு கரை, தென்னந்தோட்டமும் கடலும் மறுகரை. கோயில் ஒரு கரையில் என்றால் குடிமக்கள் இரு கரையிலும் இருப்பார்கள். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு இன்றைக்கும் படகுப்பாதை ஓடுகிறது. ஏடு எழுதத் தெரிந்தவர் ஒருவராயிருந்து, எழுதக் கேட்ட இடங்கள் பலவாயிருந்த நிலம் இது: கோயில் பத்ததி, வைத்திய வாகடம், மந்திர ஏடு, சாதகக் குறிப்பு, கூத்தின் பாட்டு வரிசை. தோணியில் ஏறி இறங்கும் மனிதனின் மடியில் இருக்கும் கருவி கூரை ஒளித்துக்கொண்டே பயணப்பட வேண்டும். எழுத்தாணி முனை ஒருமுறை மோதி வளைந்தாலும் தீட்டித் திருத்தும்வரை எழுத்து நின்றுவிடும். மடிப்பு அந்த முனைக்குக் காவல்.

இதே இரண்டு வேலைக்கு மேற்கே மலைநாட்டில் கண்ட தீர்வோடு ஒப்பிட்டால் வகை என்பதன் பொருள் இன்னும் தெளிவாகும். கண்டி அரசின் பணிக்கூடங்களில், பட்டல் ஹத்தற என்ற நாற்கூடத்துக் கைவினைஞர்கள் செய்த பிஹ கெத்த என்னும் கத்தி அருங்காட்சியகங்கள் பலவற்றில் இருக்கிறது. அகன்று பருத்த அலகு, அதன் அடியில் பித்தளையோ வெள்ளியோ பதித்த கொடிவேலை, கொம்பிலோ தந்தத்திலோ செதுக்கிய பிடி. பல கத்திகளின் உறையிலேயே எழுத்தாணி செருக இன்னொரு துளை உண்டு. ஓலையை வெட்டவும் கீறவும் வேண்டிய சோடி அங்கேயும் ஒன்றாகவே பயணித்தது. ஆனால் அது மடங்கவில்லை. இடுப்பில் உறையோடு வெளியே தெரியும்படி அணிந்த கத்தி அது. அரசன் அளித்த பதவியைச் சொல்ல வேண்டியிருந்தது, ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலில் அக்கைவினைஞர்களின் நிலமானியமும் வேலைமுறையும் பதிவாகியிருக்கின்றன. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தில் வேர்கொண்ட ஒருவர் கண்டிக் கைவினைக்குச் செய்த அந்தச் சேவைக்கு ஈடான ஒன்று கிழக்கின் கொல்லருக்கும் தட்டாருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்று அந்நூலைத் திறக்கும்போதெல்லாம் மனம் அடித்துக்கொள்கிறது.

ஆகவே வேலை ஒன்றாயிருந்தும் வகை இரண்டாயிற்று. எதிர்த்திசையிலும் ஒரு சான்று காட்டலாம்: உருவம் ஏறத்தாழ ஒன்றாயிருந்தும் வகை வேறாவது. 1795இல் பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றிய நாள் முதல் இந்தக் கிழக்குக் கடலில் அவர்களின் கப்பற்காரர் நடமாடினர். கப்பற்காரரின் மடக்குக் கத்தியில் தடித்த அலகு ஒன்றும், கயிற்றின் புரியைப் பிரிக்கும் இரும்பு முள் ஒன்றும் இருப்பதுண்டு. பிரான்சின் லகியோல் கத்தியிலும் இடையர்களுக்கென்று ஒரு துளையூசி சேர்ந்தது. அலகும் முள்ளும் பிடியும் என்று எண்ணினால் மடக்கெழுத்தாணிக்கும் இவற்றுக்கும் வேற்றுமையே தெரியாது. கையில் எடுத்தால் தெரியும். கப்பற்காரரின் முள் முழங்கையின் பலத்தைத் தாங்கும்படி தடித்து, முனை உருண்டிருக்கும். எழுத்தாணி அந்தப் பலத்தைக் கண்டால் முறியும், அந்த முள்ளால் ஓர் எழுத்தும் எழுத வராது. எண்ணிக்கையை வைத்து வகை பிரிக்கும் வழக்கம் இந்த இடத்தில் தோற்றுவிடுகிறது.

அலங்காரத்தை வைத்துப் பிரிப்பதும் அப்படியே. பாக்குவெட்டியைப் பாருங்கள். கிழக்கின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து அது இன்னும் நீங்கவில்லை. மயில் கழுத்து, கிளித்தலை, குதிரைத்தலை என்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதன் கால்கள் எத்தனையோ உருவம் எடுத்திருக்கின்றன. பித்தளை பூண்டது உண்டு, வெறும் இரும்பு உண்டு. ஆனால் முனையில் ஒரு கீல், மேலே அறுக்கும் வாய், கீழே பாக்கு அமரும் மழுங்கிய அண்டை என்ற மூன்றில் ஒன்றைக்கூடக் கொல்லர் மாற்றியதில்லை. கீல் நடுவுக்கு வந்தால் அது கத்தரிக்கோல் ஆகிவிடும், பாக்கின் கடினத்தை வெல்லும் நெம்புவிசை போய்விடும். கொல்லர் எதில் கைவைக்க அஞ்சுகிறாரோ அதுதான் வகை. எதில் மனம்போல விளையாடுகிறாரோ அது அழகு.

இந்த அளவுகோலை மடக்கெழுத்தாணியின் மறைவுக்கும் பொருத்திப் பார்க்கலாம். 1814இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். அவர் தொடங்கிய பள்ளிக்கூட வேலையோடு காகிதமும் மையும் இறகுப் பேனாவும் வேரூன்றின. இறகு முனை தேயத் தேயச் சீவ வேண்டும், அதற்கென்று பிறந்ததே பேனாக்கத்தி. ஆங்கிலேயரின் சட்டைப்பைக் கத்திகள் பலவற்றில் பெரிய அலகுக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றலகுக்கு இன்றும் பேனா அலகு என்றே பெயர். அங்கேயும் எழுத்துத்தான் கத்தியைப் பெற்றிருக்கிறது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு. இரும்பு நிப்பு வந்து இறகு ஒழிந்த பின்னும் பேனா அலகு சாகவில்லை. கடிதம் கிழிக்க, நூல் அறுக்க, பழம் சீவ அது வேறு வேலை தேடிக்கொண்டது. மடக்கெழுத்தாணியின் அலகும் அப்படிப் பிழைத்திருக்கக் கூடியதே, மறுமுனையின் ஆணிக்கு அந்த வழி இல்லை. மேற்றோலை கீறுவதற்கென்றே செதுக்கிய முனைக்கு ஓலை போனால் ஒன்றும் இல்லை. ஆணி வேலையிழந்ததும் அலகின் பாரத்துணையும் பொருளிழந்தது. சோடியில் ஒன்று உதிர்ந்தபோது வகையே உதிர்ந்தது. தனி அலகு மட்டும் வேண்டியவர்களுக்கு இறக்குமதியான வில்லுக்கத்தி கடையில் கிடைத்தது.

மட்டக்களப்பில் இந்த உதிர்வு மெதுவாக நடந்தது. காகிதம் வந்தும் ஏடு கோயிலை விட்டு அகலவில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் திருக்கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரை படித்து, குளிர்த்தி பாடி முடிக்கும் சடங்குக்கு ஏடு வேண்டும். பூசகர்களான கட்டாடியார், கப்புகனார் குடும்பங்களில் அந்த ஏடுகள் தலைமுறையாகக் கைமாறின. பழுதான ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைப்பது கடமையாக இருந்தவரை எழுத்தாணிக்கும் கடமை இருந்தது. எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் ‘மட்டக்களப்பு மான்மிய’த்தையும், வித்துவான் வீ. சீ. கந்தையா 1968இல் ‘கண்ணகி வழக்குரை’யையும் பதிப்பித்து அச்சில் தந்தார்கள். இருவருக்கும் நாம் பட்ட கடன் பெரிது. அச்சுப் புத்தகம் கையில் இருக்கும்போது ஏட்டைப் படியெடுக்கும் கட்டாயம் தளர்ந்ததும் உண்மை. எழுத்தாணியின் கடைசி வேலைகளில் ஒன்று அப்போது கைவிட்டுப்போனது. பிறகு 1978 நவம்பர் சூறாவளியும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் கரையோர வீடுகளை அடித்துப்போயின. வீட்டோடு பெட்டகமும் போன இடங்களில் எஞ்சியதைத் தேடுவது எளிதல்ல.

மிஞ்சிய ஏடுகளை மின்வடிவாக்கும் வேலை இப்போது நடக்கிறது. நூலகம் நிறுவனம் போன்றவை செய்யும் அந்தப் பணியை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் ஏட்டு விவரணைகளில் ஒரு வெற்றிடத்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். ஏட்டின் நீளம் இருக்கும், அகலம் இருக்கும், வரிகளின் எண்ணிக்கை, துளைகள், சட்டப்பலகை, நாராசம் எல்லாம் இருக்கும். அந்த ஏட்டை வாரிய கத்திக்கும் எழுதிய ஆணிக்கும் கட்டம் இருப்பதில்லை. அருங்காட்சியகத்தில் அந்த ஆணி வேறு கூடத்தில், ‘எழுத்தாணி, இரும்பு’ என்ற சீட்டோடு ஏடின்றிக் கிடக்கும். வகையை வகையாக்கிய உறவு இரண்டு பதிவேடுகளுக்கு நடுவே அறுந்துபோகிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டியதில்லை. ஏட்டைப் படம் எடுக்கும்போதே அதன் விளிம்பையும் நெருக்கத்தில் ஒரு படம் எடுக்கலாம். மெல்லிய நேர் அலகால் வாரிய விளிம்பில் நார் ஒரே மட்டத்தில் அறுந்திருக்கும். தடித்த கத்தியின் விளிம்பில் நசுங்கலும் பிசிறும் தெரியும். அடுக்கிலுள்ள ஏடுகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே சாய்வு இருந்தால் கட்டாக வைத்து ஒருங்கே வாரினார் என்று அறியலாம். கீறலின் அகலத்தை எழுத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்தால் ஆணி முனையின் உருட்சியும் பாரமும் ஓரளவு பிடிபடும். ஒரே சுவடியில் எழுத்தாணி மாறிய இடம்கூடத் தெரியவரலாம். இந்தக் குறிப்புகள் போதிய அளவு சேர்ந்தால் ஒரு கரையின் எழுத்தாணியையும் மறுகரையின் எழுத்தாணியையும் ஓலையை வைத்தே ஒப்பிட வழி பிறக்கும்.

பெட்டகத்தில் மடக்கெழுத்தாணி ஒன்று கிடைத்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது அதைத் துலக்காமல் விடுவது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் பித்தளை பளிச்சிடும், கூடவே அலகின் அடியில் தேய்ந்த தடமும் ஆணி முனையின் மெருகும் அழிந்துபோகும். இறுகிப்போன தறையாணியை வலிந்து திறக்கவும் வேண்டாம், பிடி பிளந்துவிடும். ஒரு துளி எண்ணெய் விட்டு நாட்கணக்கில் பொறுத்திருக்கலாம். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். அலகின் நீளம், ஆணியின் நீளம், பிடியின் பிளவு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஏட்டுக் கட்டோடு கிடந்ததோ அதே கட்டோடு அதை வையுங்கள். யாருடைய கையில் இருந்தது, அவர் பத்ததி எழுதியவரா, வைத்தியரா, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரா என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் அதே பெட்டகத்தில் போட்டுவையுங்கள்.